ட்ராலி வீல் வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் வெல்டிங் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை), மீன் கம்பெனி, பேக்கரி என்று எல்லாருக்கும் ட்ராலி அடித்துக் கொடுக்கிறோம், ஆனால் புதுசு கேட்டு வருபவர்களைவிட வீல் போன ட்ராலியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். ஃபிரேம் கல் மாதிரி இருக்கும், வீல்தான் அந்த இடத்துக்குப் பொருந்தாததாக இருக்கும்.

போன மாதம் ஒரு அண்டி ஆபீஸ் ட்ராலி வந்தது. கறுப்பு ரப்பர் வீல், போட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ரப்பர் ஊதி, நகத்தை வைத்து அழுத்தினால் குழி விழும் அளவுக்கு இளகி, ஒரு பக்கம் ரிம்மை விட்டுக் கழன்றே வந்துவிட்டது. கொட்டை உடைக்கும் இடத்தில் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையில் பட்டாலே தோல் பொத்துவிடும், அதே எண்ணெயில்தான் இந்த வீல் நாள் முழுக்க உருண்டிருக்கிறது. சத்தம் போடாது என்று சொல்லி விற்றார்களாம். அது உண்மைதான், ரப்பர் சத்தம் போடாது, டைல்ஸையும் கெடுக்காது, ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் நல்லது. எண்ணெய்த் தரைக்கு மட்டும் ஆகாது. அங்கே நைலான் போடலாம், பாரம் ஏற்றினாலும் லேசாக உருளும், ஆனால் கடகடவென்று சத்தம் வரும், டைல்ஸ் தரை என்றால் விரிசலும் விழும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது பாலியூரித்தேன், கடையில் பி.யூ. வீல் என்று கேட்டால் தருவார்கள். அதிலும் சில வகைகள் சுடுதண்ணீரும் ஆவியும் ஓயாமல் படும் இடத்தில் நாளடைவில் பொடிந்து உதிரும், அதனால் எங்கே ஓட்டப்போகிறோம் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

சூடு இன்னொரு விஷயம். முந்திரிப் பருப்பைக் காய வைக்கும் போர்மா என்கிற சூட்டறைக்குள் 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் பாரத்தோடு மணிக்கணக்கில் நிற்கிற ட்ராலிக்கு நல்ல நைலானோ வார்ப்பிரும்போ போதும். பேக்கரி ஓவன் அப்படியில்லை, 200 டிகிரியைத் தாண்டும். பாறசாலையிலிருந்து ஒருவர் "சேட்டா, வீல் உருகிப் போச்சு" என்று கொண்டுவந்தது சாதாரண பிளாஸ்டிக் வீல். ஓவனுக்கென்றே சூடு தாங்கும் வீல் தனியாக வருகிறது, அதன் கிரீஸும் வேறு, அதைத்தான் போட வேண்டும்.

அடுத்து எடைக் கணக்கு. பச்சைக் கொட்டை மூட்டை 80 கிலோ. ஐந்து மூட்டை ஏற்றினால் 400, ட்ராலி 60, ஆக 460. நாலால் வகுத்து 115 கிலோ தாங்கும் வீல் போதும் என்றுதான் எல்லாரும் வாங்குகிறார்கள். நம்ம ஊர் சிமெண்ட் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், ஒரு வீல் அந்தரத்தில் நிற்க, மொத்தப் பாரமும் மீதி மூன்றில் விழும். மூன்றால் வகுங்கள், 153 வரும். மூட்டையைத் தூக்கிப் போடும்போது விழும் அடியும் இருக்கிறது, அதனால் நான் 200 கிலோ வீலுக்குக் குறைந்து போடுவதில்லை.

வீலின் விட்டத்தில் மிச்சம் பிடிப்பதுதான் என்னை ரொம்ப வருத்துகிற விஷயம். உடைக்கும் அறைக்கும் போர்மாவுக்கும் நடுவில் அரை இஞ்ச் உயர நிலைப்படி இருக்கும். மூன்று இஞ்ச் வீல் அதில் போய் முட்டி நிற்கும், தள்ளிக்கொண்டு வரும் அக்கா கைப்பிடியைக் கீழே அழுத்தி, முன்பக்கத்தைத் தூக்கி, இடுப்பால் ஒரு தள்ளு தள்ளித்தான் தாண்ட வேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு எத்தனை தடவையோ. ஆறு இஞ்ச் வீல் அதே படியில் பெரிதாகத் திணறாமல் ஏறிவிடும். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு அந்த அக்காவின் தோளிலும் முதுகிலும் ஏறுகிறது. பேரிங்கும் அப்படித்தான், உருளை எதுவும் இல்லாமல் வெறும் குழாய் மாதிரி புஷ் போட்ட வீல் மலிவு, ஆனால் இந்தப் பாரத்துக்கு பால் பேரிங்கோ ரோலர் பேரிங்கோ போட்டால் தள்ளுகிற கைக்கே வித்தியாசம் தெரியும்.

நாலும் எல்லாப் பக்கமும் திரும்பிச் சுற்றுகிற வீலாக வேண்டும் என்று கேட்பார்கள். இடம் குறுகலாக இருந்தால் சரி. நீளமான வராந்தாவில் பாரத்தோடு போனால் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். முன்னால் திரும்பாத ஃபிக்ஸட் வீல் இரண்டு, கைப்பிடிப் பக்கம் இரண்டு சுற்றுகிற வீல், பெரும்பாலான வேலைக்கு இது போதும். சரிவில் நிறுத்துவதாக இருந்தால் வீலோடு சேர்த்து அது சுற்றுகிற தலையையும் பூட்டுகிற பிரேக் கேளுங்கள், வீலை மட்டும் பிடிக்கிற பிரேக் போட்டால் வண்டி அசைந்து திரும்பும்.

தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம் மீன் ட்ராலிக்கு வெறும் துத்தநாக முலாம் போட்ட வீல் வாங்காதீர்கள், உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துரு பிடித்துத் தலை இறுகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலும் 304 என்கிற ரகத்தில் நாளானால் புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 ரகம் நன்றாகத் தாங்கும். அப்புறம், தள்ளுகிற ட்ராலியைக் கயிறு கட்டி பைக்கின் பின்னால் இழுக்காதீர்கள், இந்த வீல்கள் நடக்கும் வேகத்துக்குச் செய்தவை, வேகம் கூடினால் தலை படபடவென்று ஆடிப் பிய்த்துக்கொள்ளும்.

வீல் மாற்றக் கடைக்குப் போகும்போது பழைய வீலைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். முடியாவிட்டால் வீலை ட்ராலியோடு பொருத்துகிற பிளேட்டின் நீள அகலம், ஓட்டைக்கு ஓட்டை இடைவெளி, தரையிலிருந்து பிளேட் வரை உயரம், இந்த மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். உயரம் அரை இஞ்ச் மாறினாலும் வண்டி ஆடும், அதனால் ஒன்று போனாலும் அந்தப் பக்கத்து ஜோடியைச் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.