விம் டைமர் டெஸ்ட்கள்: ஓடாமலே பாஸ் ஆகும் கால்பேக்குகள்

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்கு, குறித்த நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை ஓட்டும் டைமர் வசதி 2016-இல் வெளியான 8.0 பதிப்போடு வந்தது. தட்டச்சு நின்று அரை விநாடி கழித்துப் பிழைகளைத் தேடுவது, கோப்பைத் தானாகச் சேமிப்பது போன்ற வேலைகளுக்கு ப்ளகின் எழுதுபவர்கள் இதை நம்பியிருக்கிறார்கள். ஆனால் டைமர் அழைக்கும் இந்த ஃபங்ஷன்களுக்கு, அதாவது கால்பேக்குகளுக்கு, எழுதப்படும் டெஸ்ட்களில் சில எதையுமே சோதிப்பதில்லை. ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஓடாமலே பாஸ் ஆகும் டெஸ்ட்டை யார் பார்க்கப் போகிறார்கள்?

இதற்கு முதல் காரணம், அசெர்ட் வரியை (எதிர்பார்த்த விடை வந்ததா என்று சரிபார்க்கும் வரி) கால்பேக்குக்குள் வைப்பது. டைமரைத் தொடங்கும் டைமர்_ஸ்டார்ட்டை அழைத்த கையோடு டெஸ்ட் ஃபங்ஷன் முடிந்துவிடுகிறது. கால்பேக் ஓடுவதற்குள் விம் மூடப்பட்டுவிட்டால் அந்த அசெர்ட் நடக்கவே இல்லை. விம்மின் அசெர்ட்கள் தோற்றால் வி:எரர்ஸ் என்ற பட்டியலில் ஒரு வரி சேரும், அவ்வளவுதான். நடக்காத அசெர்ட் எந்த வரியையும் சேர்க்காது. பட்டியல் காலி, ஆகவே டெஸ்ட் பாஸ். கால்பேக் ஒரு எண்ணிக்கையை மட்டும் கூட்டட்டும். அந்த எண் 1 ஆனதா என்று டெஸ்ட் ஃபங்ஷன் வெளியிலிருந்து பார்க்கட்டும்.

சரி, எண் மாறும் வரை எப்படிக் காத்திருப்பது? வெறும் வைல் லூப் போட்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், எவ்வளவு நேரம் சுற்றினாலும் கால்பேக் வராது. விம்மில் ஸ்க்ரிப்ட் ஓடுவதும் கால்பேக் ஓடுவதும் ஒரே இழையில்தான். விம் உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும்போதோ ஸ்லீப் கட்டளையில் இருக்கும்போதோதான் டைமருக்கு வாய்ப்புக் கிடைக்கும். அதனால் லூப்புக்குள் ஒரு சின்ன ஸ்லீப் கட்டாயம் வேண்டும்.

அதற்காக 50 மில்லிசெகண்ட் டைமருக்கு 60 மில்லிசெகண்ட் ஸ்லீப் போட்டு நிறுத்திக்கொள்வதும் சரியில்லை. நாம் கொடுக்கும் நேரம் குறைந்தபட்ச அளவு மட்டுமே. சிஸ்டம் வேறு வேலையில் இருந்தால் கூடும். சொந்த லேப்டாப்பில் என்றும் பாஸ் ஆகும் இந்த டெஸ்ட், பல வேலைகள் ஒன்றாக ஓடும் சிஐ சர்வரில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் கணினி) அவ்வப்போது விழும். அப்புறம் யாரோ 60-ஐ 200 ஆக்குவார்கள், அடுத்தவர் 500 ஆக்குவார். விம்மின் சொந்த டெஸ்ட் தொகுப்பில் இதற்கென்றே வெயிட்ஃபார்அசெர்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நிபந்தனை நிறைவேறுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும். நிறைவேறியதும் உடனே நகரும். வேறு அளவு சொல்லாவிட்டால் 5 விநாடி வரை பொறுக்கும். நம் ப்ளகினுக்கு இதே மாதிரி ஒன்றை எழுத பத்து வரி போதும்.

எதிர்மறை டெஸ்ட்டில் மட்டும் இந்த உத்தி உதவாது. 'டைமரை நிறுத்திய பிறகு கால்பேக் ஓடக்கூடாது' என்பதைச் சோதிக்க எந்த நிபந்தனைக்காகக் காத்திருப்பது? இங்கே டைமரின் விவரம் தரும் டைமர்_இன்ஃபோ, நிறுத்திய டைமரின் ஐடிக்குக் காலிப் பட்டியல் தருகிறதா என்று பார்த்துவிட்டு, கூடவே ஒரு குறுகிய ஸ்லீப்பும் போடுவதுதான் வழி.

டைமர்_ஸ்டார்ட்டைச் சுற்றி ட்ரை, கேட்ச் போட்டுக் கால்பேக்கின் பிழையைப் பிடிக்க நினைப்பதும் வீண். கால்பேக் அந்த இடத்திலிருந்து அழைக்கப்படுவதில்லையே! இன்னொன்று: தொடர்ந்து மூன்று முறை பிழை தந்தால், முடிவில்லாமல் ஓடச் சொன்ன டைமரையும் விம் ரத்து செய்துவிடும். ஐந்து முறை ஓட வேண்டிய கால்பேக் மூன்றோடு நின்றால், நேரத்தைக் கூட்டுவதற்கு முன் உள்ளே என்ன பிழை என்று பாருங்கள். பல சமயம் காரணம் அற்பமானது: விம் டைமர் ஐடியை அனுப்புகிறது, ஃபங்ஷனோ எந்த ஆர்கியூமென்ட்டையும் ஏற்காதபடி எழுதப்பட்டிருக்கிறது.

இன்சர்ட் மோடில் (எழுத்துகளைத் தட்டச்சு செய்யும் நிலை) இருக்கும்போது கால்பேக் என்ன செய்கிறது என்று சோதிப்பவர்கள், விசைகளைத் தட்டியது போல அனுப்பும் ஃபீட்கீஸை எக்ஸ் குறியோடு (விசைகளை உடனே செயல்படுத்தச் சொல்வது) அழைப்பார்கள். விசைகள் தீர்ந்ததும் விம் இன்சர்ட் மோடை விட்டு வெளியே வந்துவிடும். டைமர் அடிக்கும்போது நாம் நார்மல் மோடில் (விசைகள் கட்டளைகளாகும் நிலை) இருப்போம். எக்ஸோடு ஆச்சரியக்குறியும் சேர்த்தால் இன்சர்ட் மோடிலேயே நிற்கும். ஆனால் வெளியே கொண்டுவர ஒரு டைமர் இருக்க வேண்டும், இல்லையென்றால் டெஸ்ட் அப்படியே தொங்கும்.

முந்தைய டெஸ்ட் விட்டுப்போன டைமர் அடுத்த டெஸ்ட்டின் நடுவில் அடிப்பதும் நடக்கும். ஒவ்வொரு டெஸ்ட்டின் ஃபைனலி பகுதியிலும் (பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) அது தொடங்கிய டைமரை ஐடி சொல்லி நிறுத்திவிடுங்கள். டைமர்_ஸ்டாப்ஆல் எளிதுதான், ஆனால் அது மற்ற ப்ளகின்களின் டைமர்களையும் சேர்த்து நிறுத்திவிடும். அந்தக் கட்டளையை ப்ளகின் கோடில் வைக்காமல் டெஸ்ட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக சிஐ ஸ்க்ரிப்ட். வி:எரர்ஸில் வரிகள் இருந்தாலும் விம் தானாகத் தோல்விக் குறியீட்டோடு வெளியேறாது. பட்டியல் காலியாக இல்லையென்றால் அதை அச்சிட்டுவிட்டு, தோல்விக் குறியீடு தரும் சிக்விட் கட்டளையால் வெளியேற வேண்டும்.