தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை: மாதக் கடைசியில் ஒரு ரெட்ரோ

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற லைனுக்கு நான் சூப்பர்வைசர். மாதக் கடைசி சனிக்கிழமை மத்தியானம் மெஷின்களை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். சாஃப்ட்வேர்காரர்கள் இதை ரெட்ரோ என்கிறார்கள். போன மாதம் வைத்த டார்கெட் என்ன, எது முடிந்தது, எது நழுவியது, அடுத்து எதை மாற்றலாம், அவ்வளவுதான் சமாசாரம்.

‘எது நல்லா போச்சு, எது சரியில்லை’ என்று மொட்டையாகக் கேட்டால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். அதற்குத்தான் தீம், கேள்விகளைக் கோத்துக் கேட்க ஒரு படம். இணையத்தில் அதிகம் கிடைப்பது பாய்மரக் கப்பல்: தள்ளுகிற காற்று, இழுத்துப் பிடிக்கிற நங்கூரம், எதிரே பாறை, போய்ச் சேரவேண்டிய தீவு. நல்ல தீம்தான். ஆனால் எங்கள் லைனில் நங்கூரத்தை விளக்கவே கால் மணி நேரம் போய்விடும். நம்ம ஊருக்கு விளக்கம் வேண்டாத ஒன்று இருக்கிறதே! தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் பண்ணும் பழைய பேச்சு. மூன்றையும் சார்ட் பேப்பரில் வரைந்து ஒட்டினாலே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆற்றுக்குக் கீழே, பேருக்கு இருக்கிற இலக்குகள்: போர்டில் எழுதியிருக்கும், லைனில் ஓடாது. கோட்டைக்குக் கீழே, யார் பொறுப்பு என்றே தெரியாத வேலைகள். கோயிலுக்குக் கீழே, எதற்கென்று மறந்துபோயும் விடாமல் செய்கிறவை. யாரும் திறந்து பார்க்காத ரிஜிஸ்டர் மாதிரி. அந்தக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார் அல்லவா, அதனால் பக்கத்தில் ‘சாமி வந்தாச்சு’ என்று இன்னொரு கட்டம் போடுவேன். போன மாதத்துக் குறை எது சரியானதோ அது அங்கே போகும். பாராட்டுக்கும் ஒரு இடம் வேண்டாமா?

முந்தின நாளே கணக்கை எடுத்து வையுங்கள். எத்தனை ஜோடி சொன்னோம், எத்தனை கொடுத்தோம், செக்கிங்கில் திரும்பியது எத்தனை, என்ன காரணத்தால். இதைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டிவிட்டால் வாக்குவாதம் பாதி குறையும். ஆள்வாரியான கணக்கு மட்டும் அங்கே வரவே கூடாது. ரெட்ரோ நடத்துவது பற்றிப் புத்தகம் போட்ட நார்மன் கெர்த் இதற்கு ஒரு விதியே எழுதியிருக்கிறார்: அன்றைக்குத் தெரிந்ததையும் கையில் இருந்ததையும் வைத்து ஒவ்வொருவரும் முடிந்தவரை நன்றாகவே செய்தார்கள் என்று நம்பித்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். நான் சுருக்கமாக, ‘ஆளைப் பேசாதீங்க, வேலையைப் பேசுங்க’ என்பேன்.

முதல் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்காமல் அவரவர் சீட்டு எழுதட்டும். முதலிலேயே பேசவிட்டால் சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதைத்தான் மற்றவர்களும் எழுதுவார்கள். எழுத வராதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொடுக்கலாம். சிலர் உருதுவில் எழுதுவார்கள், எழுதட்டும். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. மேனேஜர் இந்த நேரத்தில் வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்துக்கு வந்தால் போதும், காசு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு அவர் தலையாட்ட வேண்டுமே.

அப்புறம் ஓட்டு. கட்டிங்கில் விழுந்த தோல் துண்டுகளை ஆளுக்கு மூன்று கொடுத்து, முக்கியம் என்று படுகிற சீட்டின் மேல் வைக்கச் சொல்வேன். துண்டு அதிகம் சேர்ந்த இரண்டை மட்டும் எடுத்து ‘ஏன், ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும்.

ஒரு மாதம் ‘மடிப்பு தடிக்குது’ என்ற சீட்டில் துண்டு குவிந்தது. தையல் கோடு வளைவதற்கும் அதுதான் காரணம். எல்லாரும் மடிப்பு மேசையைத்தான் பார்த்தார்கள். மடிப்பு ஏன் தடிக்கிறது? ஓரத்தைச் சீவி மெலிதாக்குகிற ஸ்கைவிங்கில் தோல் ஒரே சீராக மெலியவில்லை. ஏன்? கத்தி மழுங்கியிருந்தது. ஏன்? சாணை பிடிக்கவில்லை. ஏன்? அது ஆபரேட்டர் வேலையா மெக்கானிக் வேலையா என்று யாருக்கும் தெரியவில்லை. செக்கிங் அக்கா எழுந்து, அந்தச் சீட்டைப் பிடுங்கிக் கோட்டைக்குக் கீழே ஒட்டினார். ஷிஃப்ட் ஆரம்பத்திலும் டீக்குப் பிறகும் ஆபரேட்டர் சாணை பிடிப்பது, திங்கட்கிழமை மெக்கானிக் சாணைக்கல்லைப் பார்ப்பது என்று அங்கேயே முடிவானது.

முடிவு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. ‘எல்லாரும் கவனமா இருக்கணும்’ என்பதெல்லாம் முடிவில் சேராது.

ஒரே தீம் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால் சலித்துவிடும். மே மாதத்துக்குக் கத்திரி வெயில் பொருத்தம்: எது சுட்டது, எங்கே நிழல் கிடைத்தது. எந்தத் தீம் ஆனாலும் கேள்வி கூர்மையாக இருக்கவேண்டும். படம் மட்டும் அழகாக இருந்து என்ன பிரயோஜனம்?

எழுதிய சார்ட்டைச் சுருட்டி வைக்காதீர்கள். வருகை பதிகிற பஞ்சிங் மெஷின் பக்கத்திலேயே ஒட்டுங்கள், தினமும் கண்ணில் படும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலை அந்த இரண்டு முடிவுகளைப் படிப்பது. இரண்டும் நடக்கவில்லை என்றால் நான் புதுச் சீட்டு எழுதவிட மாட்டேன். ஏன் நடக்கவில்லை என்பதை மட்டும் அந்த ஒரு மணி நேரமும் பேசுவோம்.