மழைக்காட்டில் தவளை, பல்லி தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காட்டில் தவளை, பாம்பு, பல்லிகளைக் கணக்கெடுக்க ஆர்வத்தோடு நிறைய பேர் வருகிறார்கள். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். டார்ச்சுக்கு மாற்று பேட்டரி எடுக்காதது, அட்டைக்கடிக்குப் பயப்படுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவை சில உண்டு.

ஈர பூட்ஸோடு அடுத்த ஓடையில் இறங்குவது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒருமுறை எங்களோடு வந்த ஒருவர் ஓர் ஓடையை முடித்துவிட்டு, சேறு ஒட்டிய பூட்ஸோடு மலையின் மறுபக்க ஓடையில் கால் வைக்கப் போனார். தடுத்தேன். “தண்ணீரில் இருந்து தண்ணீருக்குத்தானே போகிறேன்?” என்றார். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையின் வித்துகள் நீரில் நீந்தக்கூடியவை. தவளை தன் உடலின் நீரையும் உப்பையும் தோல் வழியாகத்தான் சமன் செய்கிறது. பூஞ்சை தோலைக் கெடுத்ததும் இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுவிடும். 2019இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்றின்படி, இந்த நோயால் தவளை போன்ற நீர்நில வாழ்விகளில் குறைந்தது 501 இனங்களின் எண்ணிக்கை சரிந்தது. அவற்றில் 90 இனங்கள் அழிந்துபோயிருக்கலாம். பனாமாவின் எல் கோப்பே காட்டில் 2004இல் இதனால் தவளைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

இந்தப் பூஞ்சை கண்டம் விட்டுக் கண்டம் பரவ உயிருள்ள தவளை வணிகம் பெரிய காரணம். ஓடை விட்டு ஓடை போக ஒரு பூட்ஸ் போதும். ‘இங்கே நோயே தெரியவில்லையே’ என்பதும் பதிலாகாது. தலைப்பிரட்டைக்கு வாய்ப்பகுதியில் மட்டுமே தொற்றும், அது பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும்.

முதலில் பிரஷ்ஷால் சேற்றை முழுக்கத் தேய்த்து எடுங்கள். சேறு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அப்புறம் ப்ளீச் கரைசலில் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவையுங்கள். எல்லாம் ஓடைக்குத் தள்ளி நடக்கட்டும், ப்ளீச்சும் தவளைக்கு விஷம். வலை, அளவுகோல், ட்ரைபாட் கால்களுக்கும் இதே கதிதான்.

ஒரே கையுறையில் பல தவளைகள்

வேண்டாம். ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை.

ஓடையோரம் மட்டும் தேடுவது

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளில் பலவும், போர்ட்டோ ரிக்கோவின் கோக்கித் தவளையும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளிவருபவை. அவற்றுக்கு ஓடை தேவையில்லை. சருகையும் புதரையும் பாருங்கள், முக்கியமாகக் காது கொடுங்கள்.

கட்டையைப் புரட்டிவிட்டு அப்படியே போவது

இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

படத்தோடு இடத்தையும் சொல்வது

கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லியை 1999இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். வளர்ப்புக்காகப் பிடித்து விற்பவர்கள் அது வாழும் இடத்துக்குப் படையெடுத்து, முதலில் கண்டெடுத்த இடத்திலேயே அதைத் துடைத்தெடுத்துவிட்டார்கள். அரிய இனம் என்றால் மாவட்டத்தோடு நிறுத்துங்கள். செல்போன் படத்தில் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

ஓர் இரவு காணாததை ‘இல்லை’ என்று எழுதுவது

சிசிலியன்கள் எனப்படும் காலில்லாத, மண்புழு போன்ற தவளை உறவினங்கள் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே வாழ்பவை, பல தவளைகள் மழைக்குப் பிறகே கத்தும். எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேடினீர்கள், மழை பெய்ததா, வெப்பநிலை என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.