நண்பருடன் நம்பிக்கை மையத்திற்குத் துணைக்குச் செல்பவர் அறிய வேண்டியவை

எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தயங்கும் இளைஞர்களிடம் பேசிப் பார்த்தால், ஊசியைவிடவும் நோயைவிடவும், மருத்துவமனை வாசலில் தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவாரோ என்ற அச்சமே பலரிடம் மேலோங்கி நிற்பது புரியும். ஆகவே துணைக்குச் செல்பவரின் முதல் கடமை அறிவுரை கூறுவதன்று, இரகசியம் காப்பது.

யாருடன், எதனால் என்று துருவ வேண்டாம். ஒன்றை மட்டும் கேளுங்கள்: தொற்று நேர்ந்திருக்கக்கூடிய நிகழ்வு எப்போது நடந்தது? 72 மணி நேரம் கடக்கவில்லையெனில், மறுநாளுக்கு ஒத்திவைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று, தொற்றைத் தடுக்க 28 நாள் உட்கொள்ளும் மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்த மருந்து எவ்வளவு விரைவில் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும்.

தமிழ்நாட்டில் இப்பரிசோதனை, அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் இலவசமாகச் செய்யப்படுகிறது. சொந்த ஊர் மையத்திற்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஊருக்குப் போவதில் நண்பருக்கு நிம்மதி என்றால் அங்கேயே செல்லலாம். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். நண்பருக்கு 18 வயது நிறையவில்லையெனில் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மையத்தில் ஆலோசகர் அவருடன் தனியே பேசுவார். அப்போது நீங்கள் வெளியே அமர்ந்திருப்பதே முறை, ஏனெனில் உங்கள் முன்னிலையில் சொல்லக் கூசும் செய்தியைத்தான் ஆலோசகர் அறிந்தாக வேண்டியிருக்கும். அவரது ஒப்புதலைப் பெற்ற பின்பே இரத்தம் எடுப்பார்கள். முதற்சோதனையில் தொற்று இருப்பதாகத் தெரிந்தால், வெவ்வேறு முறைகளில் மீண்டும் சோதித்து உறுதி செய்த பிறகே முடிவு சொல்லப்படும். அந்த முடிவு அவருடையது. அவர் வெளியே வந்ததும் "என்ன ஆச்சு?" என்று கேட்காமல், "டீ குடிக்கலாமா?" என்று கேளுங்கள்.

தொற்று இல்லை என்று வந்தாலும், அண்மையில் ஏற்பட்ட தொற்று உடனே தெரியாமல் போகலாம் என்பதால், ஆலோசகர் சொன்ன நாளில், பெரும்பாலும் மூன்று மாதம் கழித்து, மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும். இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்பும் ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்துவதும், ஊசியைப் பிறருடன் பகிராதிருப்பதும் அவசியம்.

தொற்று உறுதியானால், அன்று பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இரவு அவர் தனியே இருக்க விரும்புகிறாரா என்று கேட்டு, விரும்பாவிட்டால் கூடவே தங்குங்கள். பெற்றோரிடம் நீங்கள் சொல்லக்கூடாது, நல்லெண்ணத்தில்கூட. எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சை, அதற்கென உள்ள ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம். 2004 ஏப்ரலில் இந்தியாவில் இத்திட்டம் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனையும் முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. நோய் முற்றும் வரை காத்திருந்த அக்கால முறை மாறி, 2017 முதல் தொற்று உறுதியான அனைவருக்கும் மருந்து தொடங்கப்படுகிறது. தினமும் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்று பரவாது. இதை அவருக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

விடுதியில் இருப்பவருக்கு வரும் தொல்லை வேறு வகை. பையில் குலுங்கும் மாத்திரைக் குப்பியின் ஓசையே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பதறுவார். மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றினால் ஈரம் புகக்கூடும். குப்பியைக் கைக்குட்டையில் இறுகச் சுற்றி வைத்தால் போதும். கல்லூரியோ வேலையளிப்பவரோ தொற்றைக் காரணம் காட்டி விலக்க முற்பட்டால், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் அத்தகைய பாகுபாட்டைத் தடை செய்கிறது. தொற்றுடன் வாழ்வோரே நடத்தும் கூட்டமைப்புகளைப் பற்றியும் ஆலோசகரிடம் விசாரியுங்கள். பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரும் ஒருவரை நேரில் பார்ப்பது தரும் தெம்பை நம் பேச்சு தராது.

மருந்து வாங்கும் நாளும் தேர்வு நாளும் மோதிக்கொண்டால், முந்தைய வாரமே ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லி வேறு நாள் கேட்டு வைக்கும்படி நினைவூட்டுங்கள்.