பேட்டைக்குள் ஓர் உணவகமும் ஒயின் பாரும்: புதன்கிழமைப் பாப்-அப்பிலிருந்து தொடங்குவது எப்படி?

தமிழில் ‘ஒயின் ஷாப்’ என்றால் பிராந்தி விற்கும் கடை என்றே பொருள். உண்மையான திராட்சை ஒயின் அங்கே இருந்தாலும் கடைசி அலமாரியில் தூசி படிந்துதான் நிற்கும். ஆகவே புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ வீடுகளுக்கு நடுவே ‘ஒயின் பார்’ என்று பலகை மாட்டுகிறவர், முதல் நாளிலேயே அக்கம்பக்கத்தாரின் அச்சத்தைச் சம்பாதித்துக் கொள்கிறார். அட்வான்ஸிலும் உரிமத்திலும் பணத்தை முடக்குவதற்கு முன்பு, பிறருடைய இடத்தில் வாரத்தில் ஒரு மாலை மட்டும் சமைத்துப் பரிமாறும் தற்காலிக உணவகத்தை, அதாவது பாப்-அப்பை, சில மாதங்கள் நடத்திப் பார்க்குமாறு நான் வற்புறுத்துவது இதனால்தான். சமையலைச் சோதிக்கவே பாப்-அப் என்று பலர் எண்ணுகிறார்கள். என் கருத்தில் அது தெருவைச் சோதிப்பதற்கானது.

இடம் கிடைப்பது அவ்வளவு கடினமன்று. பகலில் மட்டும் இயங்கும் பேக்கரியோ காபிக் கடையோ மாலை நேரத்து வாடகைக்கு இணங்கக்கூடும். கிழமையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நானும் நண்பரும் முதல் ஏழு வாரங்கள் சனிக்கிழமைகளில் நடத்தினோம். இடம் நிரம்பி வழிந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வார இறுதிக்கு வந்தவர்கள் என்பதும், அவர்கள் அடுத்த சனிக்கிழமை வேறொரு புதிய கடையைத் தேடிப் போவார்கள் என்பதும் பிறகுதான் புரிந்தது. புதன்கிழமைக்கு மாறியபோது பதினொரு பேர் மட்டுமே வந்தார்கள். ஆனால் அவர்களில் எட்டுப் பேர் நடந்தே வந்தவர்கள். அந்த எட்டுப் பேரை வைத்துத்தான் ஓர் உணவகத்தின் வாடகையைக் கணக்கிட முடியும். செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் கவிச்சி இல்லாத நாள்கள். மற்ற ஊர்களைப் பார்த்துத் திங்கட்கிழமை விடுமுறை விடுவதைவிட இங்கே செவ்வாய்க்கிழமை விடுவது பொருத்தம். ஒவ்வொரு புதன்கிழமையும் யார் எந்தத் தெருவிலிருந்து வந்தார், எந்தத் தட்டில் எது மிஞ்சியது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மிஞ்சியதைப் பற்றிய குறிப்பு பாராட்டைவிடப் பயன்படும்.

பாப்-அப் காலத்தில் மது வேண்டாம். கலால் உரிமம் என்பது குறிப்பிட்ட முகவரிக்குத் தரப்படுவது. உங்கள் திறமையோடு அது கூடவே வராது. ஏற்கெனவே உரிமம் பெற்ற விடுதியோடு சேர்ந்து நடத்தினால் பாட்டிலைத் திறப்பது அந்த விடுதியின் பொறுப்பாகவே இருக்க வேண்டும். அல்லது தற்காலிக அனுமதிக்கு வழி உண்டா என்று கலால் துறையிடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘வாடிக்கையாளரே பாட்டில் கொண்டுவரட்டும்’ என்பது தந்திரமாகத் தோன்றினாலும், உரிமமற்ற இடத்தில் குடிக்க விடுவதும் சிக்கலே. அந்த மாதங்களில் நன்னாரி சர்பத்தையும் பானகத்தையும் வைத்தே சமாளிக்கலாம். ஒயினுக்குத் தேவையான புளிப்பு–இனிப்புச் சமநிலையை நாக்குக்குப் பழக்க எலுமிச்சை சேர்த்த பானகத்தைவிட நல்ல பயிற்சி கிடையாது. உணவுக்கு மட்டும், எவ்வளவு சிறிய பாப்-அப்பாக இருந்தாலும், 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவைப் பெற்றே தொடங்க வேண்டும்.

இடம் பார்க்கும்போது எல்லைக்கோட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். முத்தியால்பேட்டையை ஒட்டியிருக்கும் கோட்டக்குப்பமும், ஆரோவில்லுக்குப் போகும் வழியில் உள்ள குயிலாப்பாளையமும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது; மது அருந்தும் குறைந்தபட்ச வயதும் புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தெற்கே உள்ள கடலூரில் இதே கடையைத் திறக்க விரும்புவோர், ஒயினைக் கைவிட்டு உணவகத்தை மட்டும் நடத்துவதே நடைமுறைக்கு ஒத்து வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்படவும் கூடாது: நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுவிற்பனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது, நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு அது பொருந்தாது என்று 2017 இல் தெளிவுபடுத்தியது. எனவே கட்டடம் எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் வருகிறது என்பதை அறிந்துகொண்ட பிறகே அட்வான்ஸைக் கொடுக்க வேண்டும்.

இனி உணவு. நம்முடைய சமையலுக்கு ஒயின் பொருந்தாது என்பவர்கள், பெரும்பாலும் துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினைக் காரக் குழம்போடு குடித்துப் பார்த்தவர்கள். மிளகாயின் எரிச்சலை ஒயினின் ஆல்கஹால் அளவும் துவர்ப்பும் கூட்டிக் காட்டும். இலேசான இனிப்பும் குளிர்ச்சியும் தணிக்கும். புளிக்குழம்புக்கு அருகில் புளிப்புக் குறைந்த ஒயினை வைத்தால் அது வெறும் தண்ணீராகத் தோன்றும்; ஒயினின் புளிப்பு உணவின் புளிப்புக்கு இணையாகவோ ஒரு படி மேலாகவோ இருக்க வேண்டும். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சி வாடையை எழுப்பும் என்பதால், வஞ்சிர வறுவலுக்கு அது ஆகாது. இந்த மூன்றும் மனத்தில் பதிந்தால் பட்டியல் தானாகவே அமையும். சுறாப் புட்டுக்கும் நெத்திலி வறுவலுக்கும் நாசிக்கில் விளையும் செனின் பிளாங்க் என்னும் வெள்ளை ஒயின், இறால் தொக்குக்குச் சற்றே இனிப்புள்ள வெள்ளை, பண்ருட்டி முந்திரியை மிளகிட்டு வறுத்த தட்டுக்கு நுரைக்கும் ஒயின். சிவப்பு வேண்டுமென்போருக்கு, பிரெஞ்சுக்காரர்கள் ‘வாடுவான்’ என்று தங்கள் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்ட நம் வடவத்தைத் தாளித்துச் செய்த ஆட்டுக்கறிப் பிரட்டலைக் கொடுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் வெயிலில் காய்ந்து திரண்ட அந்த மணம் ஷிராஸ் ஒயினின் மிளகு மணத்தோடு இழையும். பட்டியலில் பத்து உணவு வகைகளுக்கு மேல் வேண்டாம். அவற்றில் நான்கேனும் சைவமாக இருக்கட்டும், புரட்டாசியில் அவைதான் கைகொடுக்கும்.

ஒயினைப் பேணுவதுதான் இந்த ஊரில் செலவு பிடிக்கும் வேலை. 1945 இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலருக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகள் உடைந்த ஓடுகளாகக் கிடைத்தன; கடல் கடந்து வந்த அந்த மது இந்த வெப்பத்தில் என்ன சுவையோடு இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி வியப்பதுண்டு. புத்தகங்கள் ‘அறை வெப்பநிலை’ என்று சொல்வது 16 முதல் 18 டிகிரியை. நம் அறையில் அது 30 டிகிரியைத் தாண்டும். ஆகவே சிவப்பு ஒயினையும் குளிரூட்டியே பரிமாற வேண்டும். வெள்ளைக்கு 8 முதல் 10 டிகிரி போதும். இருப்பு முழுவதையும் 12 முதல் 15 டிகிரிக்குள் வைக்கும் சில்லரும், மின்வெட்டின்போது அதைத் தாங்கும் இன்வெர்ட்டரும் அலங்கார விளக்குகளுக்கு முன்பே வாங்கப்பட வேண்டியவை.

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி அளவில் ஐந்து கோப்பைகள் கிடைக்கும். திறந்த பாட்டில் குளிர்பெட்டியில் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும், நுரைக்கும் ஒயின் மறுநாளே சோர்ந்துவிடும். எனவே 900 ரூபாய்க்கு வாங்கிய பாட்டிலின் முதல் மூன்று கோப்பைகளிலேயே முதலீடு திரும்பும்படி, கோப்பை 300 ரூபாய் என்று விலை வைப்பதே பாதுகாப்பு. மிஞ்சும் இரண்டு கோப்பைகளில்தான் சம்பளமும் வாடகையும் இருக்கின்றன. ஒரே நேரத்தில் நான்கு பாட்டில்களுக்கு மேல் கோப்பைக் கணக்கில் திறக்காதீர்கள். உணவுக்குச் சரக்கு சேவை வரி உண்டு, மதுவோ அந்த வரிக்கு வெளியே மாநில வரிகளுக்கு உட்பட்டது. ஆதலால் இரண்டையும் பில்லில் தனித்தனியாகக் காட்டும் மென்பொருளைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.

அண்டை வீட்டாரோடு வரும் தகராறு பெரும்பாலும் மதுவைப் பற்றியதாக இராது. எக்ஸாஸ்ட் குழாயின் வாயையும், வாசலை மறித்து நிறுத்திய வண்டியையும், இரவுச் சத்தத்தையும் பற்றியதாகவே இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. 9 மணிக்கே பாட்டை நிறுத்துவது விவேகம். முற்றமுள்ள பழைய வீடு கிடைத்தால் மேசைகளை முற்றத்தைச் சுற்றிப் போடுங்கள். திண்ணையைக் காலியாகவே விடுங்கள், ஏனெனில் தெருவில் எல்லோர் கண்ணிலும் படுவது அதுதான்.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது வஞ்சிரத்தின் விலை ஏறும், பட்டியல் கோழிக்கும் காய்கறிக்கும் இறங்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திறந்தவெளி மேசைகளை நம்ப முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கொட்டிய மழையை இந்த ஊர் மறக்கவில்லை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்திலும் மது கிடையாது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், குடியரசு நாளைத் தவிர, திறப்பதற்குத் தை மாதமே மிகவும் தோதானது. மீனும் கிடைக்கும், இரவும் இதமாக இருக்கும்.

முதல் இரண்டு வாரங்கள் விளம்பரமின்றி, குறிப்பேட்டில் உள்ள புதன்கிழமைக்காரர்களையும் இருபுறத்து வீட்டாரையும் மட்டும் அழையுங்கள். சட்டம் கோரும் உரிம விவரத்தை உரிய இடத்தில் வைத்துவிட்டு, தெருவைப் பார்த்த பலகையில் உணவகத்தின் பெயரையும் அன்றைக்கு வந்த மீனின் பெயரையும் மட்டும் எழுதுங்கள். ஒயின் பட்டியல் மேசைக்கு வந்தால் போதும்.