மறந்துபோன சாளரமும் பூட்டிக்கிடக்கும் தரவுத்தளமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் இளையர்களுக்கு, அவர்கள் இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவர்களானாலும் கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலைக்கு வந்தவர்களானாலும், தரவுத்தளங்களை வினவும் எஸ்கியூஎல் மொழி நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவர்கள் தடுமாறுவது, அந்த மொழியை எழுதி இயக்கும் செயலியில் பத்துப் பதினைந்து சாளரங்களைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதுதான். என் தலைமுறையினர் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் அதே வரிசையில் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுதத் தோன்றியது. நிபந்தனை எழுதாமல் வரிசைகளை அழிப்பது போன்ற, எல்லாப் பாடநூல்களும் எச்சரிக்கும் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவை, சுருக்கமாக எஸ்எஸ்எம்எஸ்ஸை, முதன்மையாக வைத்துக்கொண்டு பேசுகிறேன். வேறு செயலிகளில் நடைமுறை மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

தவறுகளுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வினவல் சாளரத்தைப் பலரும் எழுதுதாளைப் போலக் கருதுகிறார்கள். எஸ்எஸ்எம்எஸ்ஸில் ஒவ்வொரு சாளரமும் சர்வருடன் தனக்கென்று இணைப்பு வைத்திருக்கும் ஓர் அமர்வு. நிலைப்பட்டையில் பயனர் பெயருக்கு அருகே அடைப்புக்குறிக்குள் தெரியும் எண், அந்த அமர்வின் எண். எந்தத் தரவுத்தளத்தில் நிற்கிறோம், செட் கட்டளையால் எந்த அமைப்புகளை மாற்றியிருக்கிறோம், எந்தத் தற்காலிக அட்டவணைகளை உருவாக்கியிருக்கிறோம், எந்தப் பரிவர்த்தனை (ஒன்றாக உறுதிசெய்யப்படவோ கைவிடப்படவோ வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) முடியாமல் நிற்கிறது என்பவை யாவும் அந்தச் சாளரத்துக்கு மட்டுமே உரியவை. டேப்பை மாற்றும்போது இவை அனைத்தும் மாறிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரிவதோ அதே வெள்ளைப் பரப்புதான்.

பெயர் சூட்டாத டேப்கள்

‘எஸ்கியூஎல்குவெரி17’ என்று செயலி வைத்த பெயரோடு எந்தச் சாளரத்தையும் நெடுநேரம் விட்டுவைக்க வேண்டாம். பொருள் தரும் பெயரில் உடனே சேமித்துவிடவும்.

டேப் வரிசையைக் கண்ணால் கணக்கிட்டுத் தாவுவது

கன்ட்ரோல் விசையையும் டேப் விசையையும் அழுத்தினால் அடுத்து வருவது, கடைசியாக நாம் பயன்படுத்திய சாளரம். வலப்பக்கத்தில் இருக்கும் சாளரம் வரும் என்று எதிர்பார்த்துப் பார்க்காமலேயே, வினவலை இயக்கும் எஃப்5 விசையை அழுத்துபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். டேப்கள் அதிகமாகிவிட்டால் சில டேப்கள் வரிசையில் இடமின்றி ஓரத்திலுள்ள கீழிறங்கு பட்டியலுக்குள் ஒதுங்கிவிடும். கண்ணில் படாத சாளரம் நினைவிலிருந்தும் போய்விடும். ஒரு வேலைக்குத் தேவையான இரண்டு சாளரங்களைச் செங்குத்துப் பிரிவாக அருகருகே வைத்துக்கொள்வதும், நாள் முழுதும் தேவைப்படுவதை ‘பின்’ செய்து நிறுத்துவதும், மற்றவற்றை மூடிவிடுவதும் நல்லது. டேப்பின் தலைப்பில் சர்வர் பெயரும் தரவுத்தளத்தின் பெயரும் தெரியும்படி, விருப்பங்கள் பகுதியில் டெக்ஸ்ட் எடிட்டரின் கீழுள்ள ‘எடிட்டர் டேப் அண்ட் ஸ்டேட்டஸ் பார்’ பக்கத்தில் அமைத்துக்கொள்ளலாம்.

நிறத்தை மட்டும் நம்புவது

இணைக்கும்போதே சர்வருக்கு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் நிலைப்பட்டை அந்த நிறத்தில் தெரியும். நிறுவனத்தின் உண்மையான அன்றாட வேலை ஓடும் உற்பத்திச் சர்வருக்குச் சிவப்பு வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த அமைப்பு அந்தந்தக் கணினியில் சேமிக்கப்படுவது. இருக்கை நிரந்தரமில்லாத இன்றைய அலுவலகங்களில் பக்கத்து மேசையில் அமர்ந்து வேலை செய்யும்போது நிறம் நம்முடன் வராது. ஆகவே ஆபத்தான ஸ்கிரிப்டுகளின் தலையில், சர்வரின் பெயரைச் சோதித்து, அது எதிர்பார்த்த பெயராக இல்லையென்றால் ‘செட் நோஎக்ஸெக் ஆன்’ கட்டளையை இயக்கும் காவல் வரியை எழுதச் சொல்கிறேன். அதன் பிறகு வரும் கட்டளைத் தொகுதிகள் தொகுக்கப்படுமே தவிர இயங்கமாட்டா. அந்த அமைப்பை மறுபடி அணைக்கும்வரை அந்தச் சாளரத்தில் எதுவும் ஓடாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால், அதே சாளரத்தில் அடுத்து இயக்கும் வினவல் ஏன் விடை தரவில்லை என்று குழம்புவார்கள்.

மிச்சமிருக்கும் தேர்வு

சாளரத்தில் ஏதேனும் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பகுதி மட்டுமே இயங்கும். மேலே சொன்ன காவல் வரியும் அப்போது தவறிப்போகும். வேறு சாளரத்திலிருந்து திரும்பி வந்ததும் முதலில் எங்காவது ஒருமுறை சொடுக்கித் தேர்வை நீக்கிவிடவும்.

பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு வேறு சாளரத்துக்குப் போவது

இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. இதைச் செய்பவர்கள் கவனமற்றவர்கள் என்றால் ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் எச்சரிக்கையானவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். ‘பிகின் டிரான்’ என்று தொடங்கி, மாற்றத்தைச் செய்து பார்த்துவிட்டு, சரியென்றால் கமிட் கொடுத்து உறுதிசெய்யவும், தவறென்றால் ரோல்பேக் கொடுத்துத் திரும்பப் பெறவும் வேண்டும் என்று யாரோ அவர்களுக்கு நல்லபடியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கும் முடிப்பதற்கும் இடையில் அந்தச் சாளரத்தைவிட்டு நகரக்கூடாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 2023 ஜனவரி 1 அன்று 7 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1 அன்று 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. அந்த இரண்டாவது உயர்வுக்கு முந்தைய டிசம்பர் இறுதியில், ஜூரோங் வட்டாரத்தில் பண்டகசாலை வைத்திருக்கும் ஒரு தளவாட நிறுவனத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளையர் வரிக்குறியீட்டு அட்டவணையை மாற்றும் ஸ்கிரிப்டை உற்பத்தித் தரவுத்தளத்திலேயே ஒத்திகை பார்க்க முனைந்தார். பரிவர்த்தனையைத் திறந்தார், 8 என்பதை 9 ஆக்கினார், வினவிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. ரோல்பேக் செய்யப்போகும் நேரத்தில் வேறொருவர் அவசரமாக ஓர் அறிக்கை கேட்கவே, புதிய சாளரத்தைத் திறந்து அதில் இறங்கினார். பிறகு இன்னொரு சாளரம், அதன்பின் இன்னொன்று. ஒத்திகைச் சாளரம் டேப் வரிசையின் ஓரத்துக்குள் மறைந்தது. அவர் சாப்பிடப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் எந்த முகப்பிலும் விலைப்பட்டியல் அச்சாகவில்லை. ஒவ்வொரு விலைப்பட்டியலும் வரிக்குறியீட்டைப் படித்தாக வேண்டும். அந்த வரிசைகளோ, முடியாமல் நின்ற அந்தப் பரிவர்த்தனையால் பூட்டப்பட்டிருந்தன. எஸ்கியூஎல் சர்வரின் இயல்பான அமைப்பில் பூட்டுக்காகக் காத்திருப்பதற்கு எல்லையே இல்லை. காத்திருப்பை முறிப்பது பயன்பாட்டுச் செயலியின் காலவரம்புதான், மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் அதன் இயல்பான அளவு 30 நொடி. ஆகவே ஒவ்வொரு திரையும் அரை நிமிடம் உறைந்து நின்று பிழை காட்டியது. லாரிகள் ஆவணத்துக்காகக் காத்து நிற்க, முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகித்தார்கள், பிறகு பயன்பாட்டுச் சர்வரை மறுதொடக்கம் செய்தார்கள். உதவிக்கு வந்த ஒருவர் ‘நோலாக்’ குறிப்புடன் அட்டவணையை வினவி, 9 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, மாற்றம் முறைப்படி முடிந்துவிட்டது என்று முடிவுசெய்தார். உறுதியாகாத மதிப்பையும் அந்தக் குறிப்பு காட்டிவிடும் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

இளையர் திரும்பி வந்ததும், திறந்திருப்பதையெல்லாம் மூடுங்கள் என்றார்கள். அவர் எஸ்எஸ்எம்எஸ்ஸை மூடினார். கோப்புகளைச் சேமிக்கவா என்ற கேள்விகள் வரிசையாக வந்தன. அவற்றின் நடுவே, உறுதிசெய்யப்படாத பரிவர்த்தனைகள் உள்ளன, மூடுமுன் அவற்றைக் கமிட் செய்யவா என்ற கேள்வியும் வந்தது. அதையும் சேமிப்புக் கேள்வி என்றெண்ணி ‘ஆம்’ என்று அழுத்திவிட்டார். பூட்டுகள் விலகின, அச்சுப்பொறிகள் ஓடின, சிக்கல் தீர்ந்தது என்று அனைவரும் நினைத்தார்கள். 8 விழுக்காடு நடப்பில் இருந்த நாளில் அன்று பிற்பகலின் விலைப்பட்டியல்கள் அனைத்தும் 9 விழுக்காட்டில் வெளியே போயின. கணக்குப் பிரிவு மாலையில் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் வரவுக் குறிப்பு எழுதி, மறுபடி விலைப்பட்டியல் அனுப்ப வேண்டியதாயிற்று. “அண்ணே, நான் கமிட் பண்ணவே இல்லையே, பிகின் டிரான் போட்டுத்தான் பார்த்தேன்” என்று அவர் என்னிடம் சொன்னபோது பொய் சொல்லவில்லை. தான் எதை உறுதிசெய்தோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தத் தவறு ஏன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். தான் செய்த மாற்றத்தை அதே அமர்வு எப்போதும் தடையின்றிப் பார்க்கும். ஆகவே தவறிழைத்தவரின் சாளரத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். அமர்வுகளைப் பட்டியலிடும் ‘எஸ்பி ஹூ2’ நடைமுறையை இயக்கினால் அந்த அமர்வு தூங்குவதாகவும் அடுத்த கட்டளைக்காகக் காத்திருப்பதாகவும் காட்டும். புதியவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுகளையே சந்தேகிப்பதால், ஊரையே மறித்து நிற்கும் அந்தத் தூங்கும் அமர்வைக் கடந்து போய்விடுவார்கள். யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று சொல்லும் பத்தியைப் பிடித்துக்கொண்டு, தான் யாராலும் தடுக்கப்படாமல் பிறரைத் தடுக்கும் எண்ணைத் தேட வேண்டும். அந்த எண்ணைக் ‘கில்’ கட்டளையால் நிறுத்தினால் மாற்றம் திரும்பப் பெறப்படும். மாற்றம் பெரிதாக இருந்தால் திரும்பப் பெறுவதற்கும் நேரமாகும்.

சிறிய அட்டவணை என்பதால் ஜூரோங்கில் சேதம் அவ்வளவோடு நின்றது. ஒரே கட்டளை ஓர் அட்டவணையில் ஏறக்குறைய 5,000 பூட்டுகளைப் பெற்றுவிட்டால், எஸ்கியூஎல் சர்வர் அவற்றை முழு அட்டவணைக்குமான ஒரே பூட்டாக உயர்த்த முயலும். நாம் தொடாத வரிசைகளும் அப்போது சிக்கிக்கொள்ளும். பரிவர்த்தனை திறந்திருக்கும்வரை அதன் தொடக்கத்திலிருந்து எழுதப்பட்ட பதிவுகளை, மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பிலிருந்து விடுவிக்க முடியாது என்பதால், வெள்ளிக்கிழமை மாலை மறந்துபோன ஒரு சாளரம் திங்கட்கிழமைக்குள் வட்டையே நிரப்பிவிடக்கூடும். மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அஷூர் எஸ்கியூஎல் டேட்டாபேஸில் படிப்பவர்களுக்குப் பழைய பதிப்பைக் காட்டும் அமைப்பு இயல்பாகவே இயங்குவதால் படிப்பவர்கள் தப்பிப்பார்கள். அதே வரிசையை எழுத வருபவர்கள் அங்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

சிவப்புச் சதுர நிறுத்தப் பொத்தானைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பரிவர்த்தனைக்குள் ஓடும் கட்டளையை அதனால் நிறுத்தினால் அந்தக் கட்டளை மட்டுமே திரும்பப் பெறப்படும். முன்னதாகச் செய்த மாற்றங்களும் அவற்றின் பூட்டுகளும், பரிவர்த்தனையும், அப்படியே திறந்திருக்கும். ‘செட் எக்ஸ்ஆக்ட் அபார்ட் ஆன்’ என்பதை ஸ்கிரிப்டின் முதல் வரியில் வைத்தால்தான் நிறுத்தும்போது முழுப் பரிவர்த்தனையும் கலையும்.

இப்போது நான் புதியவர்களிடம் வற்புறுத்துவது இதுதான். ஒத்திகை என்றால் பிகின் டிரான், மாற்றம், சரிபார்ப்பு வினவல், ரோல்பேக் ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாக எழுதி ஒரே அழுத்தலில் இயக்க வேண்டும். சரிபார்ப்பின் விடை திரையில் நிற்கும்போது பரிவர்த்தனை முடிந்துபோயிருக்கும். முடிவு சரியென்று தெரிந்த பிறகு ரோல்பேக்கைக் கமிட்டாக மாற்றி மறுபடி இயக்கலாம். ஐயம் வந்தால் அதே சாளரத்தில், திறந்திருக்கும் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் டிரான்கவுண்ட் மதிப்பைக் கேட்கவும். பூஜ்யம் வராவிட்டால் நாற்காலியைவிட்டு எழக்கூடாது. சாளரத்தை மூடும்போது திறந்த பரிவர்த்தனை உள்ளதா என்று சோதிக்கும் அமைப்பை ஒருபோதும் அணைக்கக்கூடாது. அந்தக் கேள்வி வந்துவிட்டால் ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் அவசரப்பட்டு அழுத்தாமல், மூடுவதையே ரத்துசெய்துவிட்டு, அந்தச் சாளரத்தில் என்ன நிற்கிறது என்று முதலில் படித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாச் செயலியும் சாளரத்துக்கு ஓர் அமர்வு தரும் என்று நம்புவது

ஆரக்கிள் எஸ்கியூஎல் டெவலப்பருக்கு மாறுபவர்கள் இங்கே இடறுகிறார்கள். அதில் ஒரே இணைப்பின்மேல் திறக்கும் பணித்தாள்கள் இயல்பாக ஒரே அமர்வைப் பகிர்கின்றன. ஆரக்கிளில் மாற்றம் செய்தாலே பரிவர்த்தனை தானாகத் தொடங்கிவிடும் என்பதால், ஒரு பணித்தாளில் செய்து பாதியில் விட்ட மாற்றத்தை, இன்னொரு பணித்தாளில் வேறொன்றுக்காகக் கொடுக்கும் கமிட் சேர்த்தே உறுதிசெய்துவிடும். தனி அமர்வு வேண்டுமென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்திப் பகிரப்படாத பணித்தாளைத் திறக்க வேண்டும். டிபீவர் என்ற செயலியில் ஒவ்வொரு எடிட்டருக்கும் தனி இணைப்பு வேண்டுமா என்பது விருப்பங்களில் அமைப்பது. நிறுவிய முதல் நாளிலேயே அதைப் பார்த்து முடிவுசெய்துவிடவும்.

சர்வர் குழுவின்மேல் திறந்த சாளரம்

பதிவுசெய்த சர்வர்களின் குழுவிலிருந்து திறந்த சாளரத்தில் எழுதுவது, குழுவிலுள்ள எல்லாச் சர்வர்களிலும் ஓடும். வேலை முடிந்த நொடியில் அதை மூடவும்.

தற்காலிக அட்டவணையைப் பக்கத்துச் சாளரத்தில் தேடுவது

ஒற்றை எண்குறியில் (#) தொடங்கும் அட்டவணை, உருவாக்கிய சாளரத்துக்கு வெளியே தெரியாது. அந்தச் சாளரத்தை மூடினால் அதுவும் போய்விடும்.

முடிவுக் கட்டங்களை நாள் முழுதும் திறந்துவைப்பது

இருபதாம் பதிப்புவரை எஸ்எஸ்எம்எஸ் 32 பிட் செயலியாகவே இருந்தது. பல இலட்சம் வரிசைகள் கொண்ட முடிவுகளைச் சில டேப்களில் விட்டுவைத்தால் நினைவகம் போதாமல் அது விழுந்துவிடும். 2025இல் வந்த 21ஆம் பதிப்பு 64 பிட்டுக்கு மாறியதால் அந்த நெருக்கடி குறைந்தது. ஆனால் நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. காலையில் வாடிக்கையாளர் அட்டவணையை வினவிவிட்டு மறந்துபோன டேப், பிற்பகலில் திரையைப் பகிர்ந்து நடத்தும் கூட்டத்தில், டேப் மாறும்போது ஒரு நொடி தோன்றினாலும் போதும். அடையாள அட்டை எண்களும் தொலைபேசி எண்களும் வெளியாள்களின் கண்ணில் பட்டுவிடும். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய தகவலைப் பாதுகாக்கும் கடமையை நிறுவனத்தின்மேல் வைத்திருக்கிறது. திரையைப் பகிரும் முன், கூட்டத்துக்குத் தேவையான ஒரு சாளரத்தைத் தவிர மற்றவற்றை மூடிவிடவும். மூட முடியாத சாளரங்களில் கன்ட்ரோல் விசையுடன் ஆர் விசையை அழுத்தி முடிவுப் பகுதியை மறைத்துவைக்கவும்.