போட் டிரெய்லர் வீல் பேரிங்: உப்புத்தண்ணி உள்ள போகாம பாத்துக்கிறது எப்படி

போட் எஞ்சினுக்கு வருஷா வருஷம் சர்வீஸ் பண்றவங்க கூட டிரெய்லர் சக்கரத்தை மறந்துடுறாங்க. ஆஸ்திரேலியால போட் வச்சிருக்கிற நம்மாளுங்க எல்லாருக்கும் நான் முதல்ல சொல்றது இதுதான், பேரிங் தேய்ஞ்சு போறதை விட தண்ணி குடிச்சு போறதுதான் அதிகம்.

மெல்போர்ன்ல இருந்து ஹேஸ்டிங்ஸ் ராம்ப் (போட்டை தண்ணில இறக்குற சரிவுப் பாதை) வரைக்கும் ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்தா, பேரிங் உக்காந்திருக்கிற சக்கரத்தோட நடுப்பகுதி, அதாவது ஹப், சூடாகி உள்ள இருக்கிற காத்து விரிஞ்சிருக்கும், அப்படியே ரிவர்ஸ் எடுத்து தண்ணில இறக்குனா ஹப் சட்டுனு குளிர்ந்து காத்து சுருங்கி, அந்த இழுப்புல ஹப்புக்கு பின்னாடி இருக்கிற ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல் வழியா உப்புத்தண்ணி உள்ள போயிடும். வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. டிரெய்லர் வீட்ல சும்மா நிக்கும்போதுதான் துரு ஏறும். அதனால ராம்ப்புக்கு போனதும் அவசரப்படாதீங்க, ஐஸ் பாக்ஸ் ஏத்துறது, பங் (போட்ல தண்ணி வெளியேத்துற ஓட்டைக்கு மூடி) போடுறது, பின்னாடி ஸ்ட்ராப் கழட்டுறது எல்லாம் முடிச்சிட்டு ஹப்பை தொட்டுப் பாருங்க, சூடு அடங்குனப்புறம் இறக்குங்க.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்டிப்பா ஹப்பை கழட்டணும். அக்டோபர்ல ஸ்னாப்பர் மீன் சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி செப்டம்பர்ல பண்ணா சரியா இருக்கும். டிரெய்லரை கார்ல மாட்டி ஹேண்ட் பிரேக் போட்டு, அடுத்த பக்க சக்கரத்துக்கு கட்டை வச்சு, ஜாக்கி போட்டு தூக்குனதும் ஆக்சிலுக்கு கீழ ஸ்டாண்ட் குடுங்க, வெறும் ஜாக்கிய நம்பி கை வைக்காதீங்க. டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, சுத்தி விட்டு கேளுங்க. ஆட்டம் நிறைய இருந்தாலோ கரகரன்னு சத்தம் வந்தாலோ பேரிங் போச்சு. ரிம்முக்கு உள் பக்கம் கிரீஸ் தெறிச்சிருந்தா சீல் போச்சு.

டஸ்ட் கேப், ஸ்பிளிட் பின், நட், வாஷர் கழட்டி ஹப்பை இழுத்தா வெளி பேரிங் முதல்ல கைக்கு வரும், கீழ விட்றாதீங்க. டிஸ்க் பிரேக் இருந்தா காலிப்பரை முன்னாடியே கழட்டணும். கிரீஸ் பால் டீ கலர்ல இருந்தா தண்ணி போயிருக்கு. மண்ணெண்ணெய்ல நல்லா கழுவி காய விடுங்க, ஏர் அடிச்சு பேரிங்கை சுத்த விடாதீங்க, ரோலர் தெறிக்கும். அப்புறம் ஹப்புக்குள்ள இருக்கிற கப்பை (ரோலர் உருளுற வெளி வளையம்) துடைச்சிட்டு வெளிச்சத்துல பாருங்க, ரோலர் எந்த இடைவெளில நின்னுச்சோ அதே இடைவெளில கோடு கோடா துரு அடையாளம் இருக்கும். விரல் நகத்துல தடவி தட்டுப்பட்டா தேய்ச்சு ஒப்பேத்தாதீங்க, கப், கோன் (ரோலரோட இருக்கிற உள் பாகம்) ரெண்டையும் சேத்தே மாத்துங்க. ரோலர் நீலமா மாறியிருந்தாலும் அதே கதைதான், ஓவர் ஹீட் ஆயிருக்கு.

கடைல ஹோல்டன் பேரிங்கா ஃபோர்ட் பேரிங்கான்னு கேப்பாங்க, கார் கம்பெனி பேர்ல சொல்ற ரெண்டு பேரிங் செட் அது. பழைய பேரிங் மேல நம்பர் இருக்கும், உள் பேரிங் எல்எம்67048, வெளி பேரிங் எல்எம்11949 னா ஹோல்டன், எல்68149 கூட எல்எம்12749 இருந்தா ஃபோர்ட். சீல் மட்டும் எப்பவுமே புதுசு, மெரைன் சீலா வாங்குங்க.

தண்ணி தாங்குற மெரைன் கிரீஸை உள்ளங்கைல வச்சு, பேரிங்கோட அகலமான பக்கத்தை அதுல அழுத்தி அழுத்தி, மேல் பக்கம் ரோலர் இடுக்குல கிரீஸ் பிதுங்கி வர்ற வரைக்கும் ஏத்தணும். வெளிய தடவுறது பத்தாது. பழைய கிரீஸோட புதுசை கலக்காதீங்க, ரெண்டும் ஒத்துக்கலைன்னா இளகி ஓடிடும்.

நட் டைட் பண்றதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஹப்பை சுத்திக்கிட்டே ஸ்பேனர்ல டைட் பண்ணி பேரிங்கை உக்கார வைங்க, அப்புறம் நட்டை முழுசா லூஸ் பண்ணி கையால மட்டும் முறுக்கி, பின் ஓட்டை நேரா வரலைன்னா லூஸ் பக்கமா கொஞ்சம் திருப்பி புது ஸ்பிளிட் பின் போடுங்க. டைட்டா விட்டா சூடாகி எரிஞ்சிடும்.

டஸ்ட் கேப்புக்கு பதிலா மாட்டுற, ஸ்பிரிங் வச்ச பேரிங் பட்டி (Bearing Buddy) கேப் நல்ல சாமான்தான், உள்ள லேசா பிரஷர் வச்சு தண்ணிய தடுக்கும், ஆனா கிரீஸ் கன்னை விடாம அடிச்சா பின்னாடி சீல் பிதுங்கிடும். அது மாட்டியிருக்குன்னு ஹப்பை கழட்டாம விடாதீங்க.

வேலை முடிச்சு முதல் தடவை ஓட்டும்போது 20 கிலோமீட்டர்ல நிறுத்தி ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடுன்னா ஓட்டாதீங்க. வீல் நட்டையும் அப்பவே ஒரு தடவை டைட் பாத்துடுங்க. தூரமா போறவங்க பேரிங், கிரீஸ், சீல் எல்லாம் போட்டு ரெடியா ஒரு ஸ்பேர் ஹப்பை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி டிக்கில வச்சுக்கோங்க, கூடவே ரெண்டு ஸ்பிளிட் பின்.